நாக்குக்கு அடித்த சிவப்பு

குன்னூரில் நாங்கள் குடியிருந்த வீட்டை யாரோ ஒரு பிரெஞ்சுக்காரர் கட்டினார் என்பார்கள். தன் ஊரில் இருந்த, பல நூற்றாண்டு பழைய வீடொன்றை நினைவில் வைத்துக் கட்டினாராம். வீதியைப் பார்த்த முகப்பில் மர உத்திரங்கள். ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு மனிதத் தலை செதுக்கியிருந்தது. ஒருவன் மட்டும் நாக்கை நீட்டிக்கொண்டிருப்பான். பள்ளிக்கூடம் கிளம்பும்போது நானும் பதிலுக்கு நீட்டிவிட்டுத்தான் போவேன்.

அந்தத் தலைகளுக்காகவே வீட்டைப் பாதுகாக்க வேண்டிய கட்டடங்களின் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். பட்டியலில் இருக்கும்வரை இடிக்க முடியாது. இடிக்காதவரை எங்களுக்கும் வீடு உண்டு. அப்பாவின் கிளார்க் சம்பளத்துக்கு ஊருக்குள் வேறு வீடு கிடைக்காது என்பது எனக்கே தெரியும். கூரை ஒழுகியது. ஓடு மாற்றித் தரச் சொல்லி அப்பா கேட்கும்போதெல்லாம் வீட்டுக்காரர் கையை விரித்துவிடுவார். ஓர் ஆணி அடிக்கக்கூடச் சட்டம் விடாதாம்.

அப்படிப்பட்டவர் ஒரு மார்கழிக் கடைசியில் நான்கு டப்பா எனாமல் பெயிண்ட் கொடுத்தனுப்பினார். "பொங்க நோம்பிக்கு ஊடு பளிச்சுனு இருக்கட்டுங்க" என்றாராம். அம்மா நெகிழ்ந்துபோனாள். கோயமுத்தூர்ப் பக்கம் பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக் கட்டுக்கு முன்னால் வெள்ளையடிக்காத வீடு வீடே இல்லை. இங்கே வந்த நாளிலிருந்து அவளுக்கு அது ஒரு குறை.

காப்புக் கட்ட வேப்பிலையும் பூளைப்பூவும் மேட்டுப்பாளையத்திலிருந்து மாமா கொண்டுவந்தார். சுரண்டாமல் பெயிண்ட் நிற்காது என்று சொன்னவரும் அவர்தான். இரண்டு நாள் அப்பாவும் அவரும் ஏணியில் நின்று உப்புத்தாளால் தேய்த்தார்கள். மூக்குகள் மழுங்கின, புருவங்கள் போயின. பிறகு மஞ்சள், பச்சை, நீலம். நாக்கை மட்டும் எனக்கு விட்டுவைத்தார்கள். மாமா தூக்கிப் பிடிக்க, சிவப்பு அடித்தேன். வீதியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பொங்கல் கழிந்த வாரமே பட்டியல் அதிகாரி வந்தார். அதற்கு முன் அப்படி யாரும் வந்து நான் பார்த்ததில்லை. ஏணி கேட்டு ஏறி, நாக்கை நகத்தால் சுரண்டினார். "பழசுன்னு சொல்ல இதுல என்னங்க மிச்சமிருக்குது?" என்று அப்பாவைக் கேட்டார். அந்த வருஷம் பட்டியலில் வீடு இல்லை. அடுத்த வருஷம் வீடே இல்லை. மேட்டுப்பாளையத்தில் மாமா வீட்டின் பின்கட்டுக்குப் போனோம். அப்பா தினமும் பஸ்ஸில் மலையேறி வேலைக்குப் போனார்.

பொங்கலன்று நடந்ததைச் சொல்லவில்லையே. அம்மா ஒரு தூக்குப்போசி நிறையக் கச்சாயம் சுட்டு, பெயிண்ட் கொடுத்த மகராசனுக்கு என்று என்னிடம் கொடுத்தனுப்பினாள். வீட்டுக்காரர் ஒன்றைக் கடித்துக்கொண்டே கேட்டார்.

"அந்த நாக்குக்குச் செகப்பு அடிச்சது யாரு கண்ணு?"

"நாந்தானுங்க."

நன்றாக அடித்திருப்பதாகச் சொல்லித் தலையைத் தடவினார். இவ்வளவு நல்ல மனுஷனை ஓடு மாற்ற விடாத அந்தச் சட்டத்தின் மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது.