கார் ஒன்று, கண்ணாடி இரண்டு

இது நடந்தது. கட்டுக்கதை என்று நினைக்கிறவர்கள் திருகோணமலைக்கு வந்து கமலேஸ்வரியைக் கேட்டுப் பாருங்கள். ஆள் இன்னமும் இருக்கிறாள். மழை நேரத்தில் மட்டும் அவளை வாகனத்தின் முன்சீட்டில் ஏறச் சொல்லிவிடாதீர்கள்.

சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த கராஜில் வீரக்குட்டி ஒரு கார் கட்டிக்கொண்டிருந்தான். நிலாவெளி ஹோட்டல்காரர் ஒருவருக்குப் பழைய இங்கிலீஷ் ரேஸ் காரைப் போலவே ஒன்று வேண்டுமாம். பழைய வோக்ஸ்வாகன் அடிச்சட்டத்தின் மேல், வள்ளம் செய்கிற பைபரில் உடம்பு. மனுசனின் ஆசையைப் பாருங்கள்: மழைக்கு உயரமான முன்கண்ணாடி, கடற்கரை ஓட்டத்துக்குக் குட்டைக் கண்ணாடி! வீரக்குட்டி மண்டையைப் போட்டு உடைத்து, இரண்டும் ஒரே துளைகளில் பொருந்தும்படி தாங்கிகளைச் செய்துவிட்டான். நட்டுகளைக் கழற்றினால் ஒன்று போய் மற்றது வரும்.

கண்ணாடிகளை வெட்டித் தந்தவன் கண்ணாடிக் கடைக் கதிராமன். வீரக்குட்டியின் உயிர்க் கூட்டாளி. தொண்ணூறாம் ஆண்டுப் பிரச்சினையில் வீரக்குட்டியின் தம்பி தவராசா ஜீப்போடு காணாமல் போனபோது, இராணுவ முகாம் முகாமாகக் கூடவே அலைந்தவன். "மன்னாரில ஆக்கள் கண்டவையாம், உயிரோடதான் இருக்கிறானாம்" என்று வருசம் தவறாமல் செய்தியும் கொண்டுவருவான். எப்படிப்பட்ட கூட்டாளி பாருங்கள்! அந்தச் செய்தியை நம்பித்தான் தவராசாவின் பெண்சாதி கமலேஸ்வரி பதின்மூன்று வருசமாகப் பொட்டும் தாலியுமாகக் காத்திருந்தாள். தேடி வந்த சம்பந்தங்களையும் தட்டிவிட்டாள்.

நல்ல உச்சி வெயில். வீரக்குட்டி குட்டைக் கண்ணாடியைப் பூட்டினான். அதில் ஈரம் பூத்தது.

துடைத்தான். திரும்பவும் பூத்தது... உட்பக்கம் மட்டும். மேல்மூடி இல்லாத கார். உள்ளே ஒருவரும் இல்லை.

கழற்றி உயரக் கண்ணாடியைப் பூட்டினான். பளிச்சென்று இருந்தது. அதே துளை, அதே நட்டு. மறுபடி குட்டையைப் பூட்டினான்.

ஹ்ஹா... ஹ்ஹா...

ஆளில்லாத சீட்டிலிருந்து மூச்சு. மறுபடி ஈரம்.

சோற்றுப் பார்சலோடு கமலேஸ்வரி வந்தாள்.

"என்ன அத்தான், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்கள்?"

அவன் விரலை நீட்டினான்.

கர்ர்க்...

சாரதிப் பக்கத்து ஈரத்தில் ஒரு வட்டம் தானாக விழுந்தது. உள்ளங்கை அகலம்.

பார்சல் கீழே விழுந்தது.

"அவர்தான்... மழை எண்டா ஜீப்புக்குள்ள ஆவி பிடிக்கும். இப்பிடித்தான் கையால துடைக்கிறவர்..."

அந்த நேரம் பார்த்துக் கதிராமன் உள்ளே வந்தான். கண்ணாடியைக் கண்டான். நின்ற இடத்திலேயே குந்திவிட்டான்.

"எங்கயடா எடுத்தனீ இதை?" என்றான் வீரக்குட்டி.

கதிராமன் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"சொல்லடா!"

"கிண்ணியா ரோட்டில... பத்தைக் காட்டுக்குள்ள அவன்ர ஜீப் கிடந்தது. காணாமல் போன அண்டைக்கே கண்டனான்."

வீரக்குட்டி கத்தினான். "பாவி! என்னோட முகாம் முகாமாத் திரிஞ்சியேடா, தேடுற மாதிரி! இவளையும் இத்தனை வருசம் ஏமாத்தினியேடா!"

"பயம் மச்சான். ஆளை வெளியில தூக்கியிருந்தா ஆமி என்னையும் பிடிச்சிருக்கும். கண்ணாடி உடையாமல் இருந்துது... கழட்டிக் கடைக்குள்ள வைச்சிருந்தனான்."

கமலேஸ்வரி அழவில்லை. மெதுவாகக் கேட்டாள்.

"நீங்கள் கண்ணாடியைக் கழட்டேக்க அவர் எங்க இருந்தவர், அண்ணை?"

"சீட்டில."

"செத்தா?"

கதிராமன் நிமிரவில்லை.

"நல்ல மழை பிள்ளை. நான் வெளியால நிண்டு நட்டைக் கழட்டினனான். உள்ளுக்க ஆவி பூத்துக்கொண்டே இருந்துது... ஒருக்கால் கையால துடைச்சுப்போட்டு, என்னைப் பாத்தவன்."