தமிழ்மதி பாஸ் போடாத இலைகள்

முதலிபாளையத்து பனியன் கம்பெனி ஒன்றில் தமிழ்மதிக்குப் பதினாலு வருஷமாகச் செக்கிங் வேலை. துணியில் ஒரு பொத்தலோ தையல் விட்ட இடமோ அவள் கண்ணுக்குத் தப்பாது. கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி ஒதுக்கிவிடுவாள். வேலை முடிந்தால் கண்ணையும் அங்கேயே வைத்துவிட்டு வரலாம். அவளோ அதை வீட்டுக்கும் கூட்டி வந்துவிடுவாள். தோசையில் ஓட்டைகள் சமமாக விழவில்லை என்று மறுதோசை ஊற்றிய பெண்ணை நீங்கள் வேறெங்கும் பார்த்திருக்க முடியாது.

இப்போது தங்கை சத்யப்பிரியாவுக்குச் சர்ச்சில் கல்யாணம். சின்ன வயதில் எண்ணெய் தெறித்த தழும்பு அவள் கன்னத்தில் உண்டு. அதைப் பார்த்துவிட்டு இரண்டு வீட்டார் பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் பிறகு சொல்கிறோம் என்று போனவர்கள்தான், திரும்பவில்லை. மூன்றாவதாக வந்த வேல்குமார் இரண்டாவது காபி கேட்டு வாங்கிக் குடித்தான். எல்லாம் சுபம். ஆனால் அவன் அம்மா சென்னம்மாள் இருபத்தைந்து வருஷம் செக்கிங்கில் இருந்து ஓய்ந்தவர். அவர் கண்ணில் இந்தக் கல்யாணத்தில் ஒரு குறையும் படக்கூடாது என்பதுதான் தமிழ்மதியின் ஒரே கவலை.

விருந்து மேசைகளுக்கு இருபது மெழுகுவர்த்திகளைத் தானே அலங்கரிப்பதாகச் சொல்லிவிட்டாள். வேப்பிலை, மருதாணி, முருங்கை என்று பறித்து, பேப்பரில் மடித்து, மெத்தைக்கடியில் வைத்தாள். பத்து நாள் புரண்டு படுக்கக் கூடாது என்று புருஷன் பூபாலனுக்கு உத்தரவு. காய்ந்த இலையை வெள்ளை மெழுகுவர்த்தியில் வைத்து, வெந்நீரில் முக்கிய ஸ்பூனின் முதுகால் தேய்த்தால் மெழுகு இளகி இலையைப் பிடித்துக்கொள்ளும். மேலே உருகிய மெழுகை ஒரு தடவை பூசிவிட்டால் வேலை முடிந்தது.

முடியவில்லை. கல்யாணத்துக்கு முந்தின மாலை அவள் இன்ச் டேப்பும் ஸ்டிக்கருமாக உட்கார்ந்தாள். ஒன்று பூச்சி அரித்தது, ஒன்றில் ஷேடு மாறியிருந்தது, ஒன்று கோணல். எல்லாவற்றிலும் சிவப்பு அம்பு விழுந்தது. இருநூறு இலையில் பாஸானது ஏழு. இலையெல்லாம் ஆண்டவர் செய்தது என்று பூபாலன் மெல்லச் சொல்லிப் பார்த்தான்.

"அப்ப அந்த லைனுக்கு சூப்பர்வைசர் சரியில்லீங்க" என்றாள்.

பதின்மூன்று மெழுகுவர்த்திகள் மொட்டையாக நின்றன. சத்யப்பிரியா வந்து உட்கார்ந்து, கழித்த இலைப் பெட்டியை இழுத்து ஸ்பூனை எடுத்தாள். தமிழ்மதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனக்கா, என்னையுந்தான் ரெண்டு ஊட்டுக்காரங்க செக்கிங் பண்ணிட்டுப் போனாங்க. அம்பு மட்டுந்தான் ஒட்டுல."

தமிழ்மதி பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள். இருவருமாக ஒட்டி முடித்தார்கள். அவசரத்தில் ஒரு மருதாணி இலையின் சிவப்பு அம்பை உரிக்க மறந்து மேலே மெழுகும் பூசிவிட்டதை மறுநாள் விருந்து மேசையில்தான் தமிழ்மதி பார்த்தாள். அதைச் சுரண்டி எடுப்பதற்குள் சென்னம்மாள் அங்கே வந்துவிட்டார்.

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மெழுகுவர்த்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்பு காட்டிய இடத்தில் பூச்சி அரித்த பொத்தல்.

"ஏங்கண்ணு, இதையா கழிச்சே? நானா இருந்தா பாஸ் போட்டிருப்பேன்" என்றார் சென்னம்மாள், மேடையில் நின்ற மருமகளைப் பார்த்தபடி.

தமிழ்மதிக்குக் கண் கலங்கிவிட்டது. சென்னம்மாள் அருகே வந்தார். கண்ணைத் துடைக்கத்தான் வருகிறார் என்று நினைத்தாள். அவரோ அவள் ஜாக்கெட் கையில் தொங்கிய நூலைப் பிடித்து, வெடுக்கென்று பிய்த்துப் போட்டார்.