வலது பின்சக்கரத்துச் சத்தம்

ஒட்வாரும் அவர் மனைவி யோருனும் அந்த வெள்ளைக் காரை மூன்றாவது தடவையாகக் கொண்டுவந்து நிறுத்தியபோது, முன்மேசையிலிருந்த சின்ட்ரே கண்ணாடி வழியே பார்த்துவிட்டுப் பேனாவை மேசையில் போட்டான். வண்டி வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. மின்சார வண்டி. வோல்டா ஊரில் அவன் நிர்வகிக்கும் இந்தக் கார்க் கடையில்தான் வாங்கினார்கள்.

"மறுபடியும் சத்தமா?" என்றான் சின்ட்ரே.

"சத்தம் இவளுக்கு. எனக்கு நடுக்கம்," என்றார் ஒட்வார்.

"இவருக்குச் சத்தம் எங்கேருந்து கேக்கப்போகுது? பின்னாடி ஆம்புலன்ஸ் வந்தாலே நான்தான் சொல்லணும்," என்றார் யோருன்.

ஒட்வார் முப்பத்தாறு வருடம் படகுச் சேவையில், எஞ்சின் அறையிலேயே காலம் கழித்தவர். இரண்டு காதிலும் கருவி. ஆனால் எந்த இயந்திரம் எங்கே நடுங்கினாலும் அவர் உள்ளங்காலுக்குத் தெரிந்துவிடும். யோருன் பள்ளி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான்கு அலமாரிக்கு அப்பால் யார் மிட்டாய்க் காகிதத்தைப் பிரித்தாலும் பிடித்துவிடும் காது அவருக்கு. இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு முழு ஆள் என்று அவர்கள் குடியிருக்கும் தீவில் கேலி செய்வார்கள்.

சின்ட்ரே உள்ளே பட்டறைக்கு வந்து மெக்கானிக் ரன்வெயைத் தனியாக அழைத்தான். "ரெண்டு தடவை நீயே ஓட்டிப் பாத்துட்டே. ஒண்ணும் இல்லைன்னு எழுதியிருக்கே. இந்தத் தடவை வண்டியோட இயல்பே இதுதான்னு எழுதிக் குடுத்து அனுப்பிடலாமா?"

ரன்வெய் வெளியே நின்ற வெள்ளைக் காரைப் பார்த்தாள். துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

நாற்பத்தேழு வயது அவளுக்கு. இருபத்து மூன்று வருடமாக இதே பட்டறை. கூட வேலை செய்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'காது'. வேறு யாருக்கும் பிடிபடாத சத்தம் எல்லாம் கடைசியில் அவளிடம்தான் வரும். அவளும் எடுத்தவுடன் எதையும் கழற்ற மாட்டாள். முதலில் கேள்வி கேட்பாள். வளைவிலா, மேட்டிலா, குளிரிலா, மழை பெய்த மறுநாளா? அப்புறம் வண்டிக்குள் கிடக்கும் குடை, சில்லறை, தண்ணீர்ப் புட்டி அத்தனையையும் வெளியே எடுத்து வைப்பாள். பாதிச் சத்தம் அதிலேயே செத்துவிடும். ஒருமுறை புத்தம்புது வண்டியில் ஒரு மாதமாக உருண்டுகொண்டிருந்த ஏதோ ஒன்றைத் தேடிக் காற்றுக் குழாய்க்குள் கைவிட்டு ஒரு பாதாம் கொட்டையை எடுத்தாள். வண்டிக்காரர் வெட்கப்பட்டு, அவளுக்கு ஒரு பை நிறையப் பாதாம் வாங்கி வந்து கொடுத்தார்.

போன இலையுதிர் காலத்தில்தான் அது தொடங்கியது. வீட்டில் அடுப்பு மணி அடித்துக்கொண்டிருக்க, அவள் பக்கத்திலேயே நின்று உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். "அடுப்பு கத்துதே, கேக்கலையா?" என்று கணவன் யார்லே ஓடி வந்தான். ஏதோ யோசனையில் இருந்துவிட்டதாகச் சொல்லிச் சமாளித்தாள். அப்புறம் குளிர்காலத்தில் ஒரு சிநேகிதியின் சமையலறைக் கடிகாரம் ஓடும் சத்தம் கேட்கவில்லை. அப்புறம் இந்த வெள்ளைக் கார். இரண்டு தடவையும் அறிக்கையில் 'சத்தம் எதுவும் கேட்கவில்லை' என்று எழுதினாள். எழுதியது உண்மைதான். ஆனால் அதை எழுதிய இரண்டு நாளும் அவளுக்கு மதியச் சோறு இறங்கவில்லை.

"எழுத வேண்டாம். இன்னொரு தடவை ஓட்டுறேன். அவங்க ரெண்டு பேரும் கூட வரட்டும்," என்றாள்.

சின்ட்ரே தோளைக் குலுக்கிக்கொண்டு போனான்.

ஏப்ரல் மாதம். மலை உச்சியில் இன்னும் பனி, சாலை மட்டும் காய்ந்திருந்தது. அந்த ஊரில் ஸ்டீயரிங் இடது பக்கம் என்பதால் யோருன் முன்னால் வலது சீட்டில் உட்கார்ந்தார். ஒட்வார் பின்சீட்டில் ஏறியதும் காலணியைக் கழற்றிவிட்டு, கம்பளிக் காலுறையோடு பாதங்களைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டார்.

"என்ன பண்றே? தூங்கப் போறியா?" என்றார் யோருன்.

"வேலை செய்யப் போறேன். நீ உன் வேலையைப் பாரு."

ஊரைத் தாண்டும் முன்பே யோருன் கையைத் தூக்கினார். "இதோ! கிணிகிணின்னு. கரண்டி சாசர்ல பட்ட மாதிரி. கேட்டுதா?"

"ம்," என்று ரன்வெய் தலையாட்டினாள்.

"இதோ, மறுபடியும்."

ரன்வெய் மறுபடியும் தலையாட்டினாள்.

ஊர் பின்தங்கியது. கடலோரச் சாலை நேராக நீண்டது. யோருன் மெதுவாகத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். "இப்போ கேக்குதா?"

"ஆமா. லேசா."

"இப்போ ஒண்ணுமே இல்லம்மா. அது நின்னு ரெண்டு நிமிஷமாச்சு."

ரன்வெயின் கழுத்து சூடேறியது. சாலையையே பார்த்து ஓட்டினாள்.

யோருன் குரலைத் தாழ்த்தவில்லை, உயர்த்தவும் இல்லை. "இவரும் அஞ்சு வருஷம் இப்படித்தான் தலையாட்டினார். நான் சொன்னதுக்கெல்லாம் ஆமா ஆமான்னு. ஒரு நாள் நம்ம வீட்டை வித்துடலாமான்னு கேட்டேன். அதுக்கும் ஆமான்னார். அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது."

"என்னைப் பத்தித்தானே ஏதோ சொல்றே?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"உன்னைப் பத்தித்தான்."

"நல்லதாச் சொல்லு."

ரன்வெய் வண்டியை ஒரு பேருந்து நிறுத்தத்தில் ஒதுக்கினாள். ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "கீச்சுச் சத்தம் எதுவும் கேக்கிறதில்லை. ஆறேழு மாசமா. வீட்டுலயும் சொல்லலை, வேலையிலயும் சொல்லலை. உங்களை ரெண்டு தடவை சும்மா திருப்பி அனுப்பிட்டேன்."

அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. மாட்டிக்கொண்டிருந்த ஒரு நட்டு திடீரென்று கழன்றுவந்த மாதிரி மட்டும் இருந்தது.

யோருன் அவளைத் தேற்றப் பார்க்கவில்லை. கைப்பையை மடியிலிருந்து கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரி. நான் கேக்குறேன், நீ ஓட்டு. நான் என்ன செய்யணும், சொல்லு."

"ஆரம்பிக்கும்போது சொல்லுங்க, நிக்கும்போது சொல்லுங்க. வேற எதுவும் சொல்ல வேண்டாம்."

சாலையோரம் நீளமான கல்சுவர் இருந்த இடமாகப் பார்த்துக் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, சுவரை ஒட்டி நடக்கும் வேகத்தில் ஓட்டினாள். சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் எந்தப் பக்கம் என்று காட்டிக்கொடுக்கும்.

"ஆரம்பிச்சுடுச்சு. வலது பக்கம். எனக்குப் பின்னாடி."

ரன்வெய் வேகத்தைக் குறைக்காமல் பிரேக்கை இலேசாக, தூசியைத் தட்டுவதுபோலத் தொட்டாள்.

"நின்னுடுச்சு."

காலை எடுத்தாள்.

"ஆரம்பிச்சுடுச்சு."

நான்கு தடவை தொட்டு எடுத்தாள். நான்கு தடவையும் யோருன் சரியான நொடியில் சொன்னார்.

"சக்கர பேரிங்தானே? நான் அப்பவே சொன்னேன்," என்றார் ஒட்வார்.

"பேரிங்னா பிரேக்கைத் தொட்டதும் வாயை மூடாது. இது பிரேக்குக்குள்ளயே ஏதோ ஆடுது." ஒட்வாருக்குக் கேட்கும்படி ரன்வெய் உரக்கச் சொன்னாள். சொல்லும்போதே குரலில் பழைய தெம்பு வந்திருந்தது. "இனி உங்க நடுக்கம். அது எப்போ வரும்?"

"வீட்டுக்குப் போற வழியில. கடலுக்கடியில போற சுரங்கத்துல ஏறும்போது."

இதற்கு முன் இரண்டு தடவையும் அவள் பத்து நிமிடம், ஊருக்குள்ளேயே சுற்றிவிட்டுத் திரும்பியிருந்தாள். இப்போது சுரங்கத்துக்குள் இறங்கினாள். சாலை கீழே கீழே போய், கடலடியைத் தொட்டு, மறுபடி ஏறத் தொடங்கிய இடத்தில் ஒட்வார் கத்தினார். "வந்துடுச்சு! வலது காலுக்கு அடியில!"

ரன்வெய்க்கும் இப்போது சீட்டு வழியே முதுகில் தெரிந்தது. பூனை மடியில் படுத்து உறுமுகிற மாதிரி ஒரு நடுக்கம்.

மறுகரையில் வெளியே வந்ததும் நிறுத்தினாள். இறங்கி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையை நீட்டினாள். மின்சார வண்டியில் மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடும்; பிரேக்குக்கு வேலை குறைவு, சூடேறக் கூடாது. மூன்று சக்கரமும் சில்லென்றிருந்தன. வலது பின்சக்கரத்தின் பக்கம் கையை வைத்ததும் வாஃபிள் சுடும் இரும்பு அச்சுக்கு மேல் பிடித்த மாதிரி அனல் அடித்தது. கருகல் நாற்றம் வேறு.

"இது ஆறுற வரைக்கும் எங்கேயும் போகக் கூடாது," என்றாள்.

யோருன் பையிலிருந்து பிளாஸ்கை எடுத்தார். மூவரும் வெயில் பட்ட பாறைமேல் உட்கார்ந்து, பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியும் காப்பியும் சாப்பிட்டார்கள். ஒட்வார், பட்டறையில் காதுக்குக் கவசம் போடுகிறாயா என்று கேட்டார். இப்போது போடுகிறேன், முதல் பத்து வருடம் போடவில்லை என்றாள். "நாங்களும் அப்படித்தான். கவசம் போட்டவனைப் பார்த்துச் சிரிப்போம்," என்று சொல்லிவிட்டு அவர் கடலைப் பார்த்தார்.

முக்கால் மணி நேரம் கழித்து மெதுவாகத் திரும்பி வந்து, வண்டியை மேலே தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினாள். உள்ளே, பிரேக் கட்டையை இடத்தில் பிடித்துவைக்கும் விரல்நீளக் கம்பிச்சுருள் ஒருமுனையில் தொங்கிக்கொண்டிருந்தது. மாட்டும்போதே அது தன் குழியில் உட்காரவில்லை. பிடியில்லாத கட்டை, வண்டி மெதுவாகப் போகும்போது, சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டின்மேல் பட்டுக் கிணிகிணித்தது. கோணலாகச் சாய்ந்ததால் நீண்ட ஓட்டத்தில் தட்டோடு உரசிச் சூடேற்றியது. தட்டின் ஓரம் சூட்டில் நீலம் பாரித்திருந்தது.

சின்ட்ரே வந்து குனிந்து பார்த்தான். "இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா?"

"நினைச்சுப் பாக்கவே வேண்டாம். சின்ட்ரே, என் ரெண்டு அறிக்கையும் தப்பு. சத்தம் இருந்தது, எனக்குத்தான் கேக்கலை. எனக்குக் காது போய்க்கிட்டிருக்கு."

அவன் அவளைவிடப் பத்து வயது சின்னவன். அந்த நீல ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தான். "எல்லாருக்கும் காது சோதனை வைக்கணும்னு இருந்தேன். வேலை ஜாஸ்தின்னு தள்ளிப் போட்டுட்டேன்," என்றான். "அடுத்த வாரமே வைக்கிறேன். நீ மட்டும்தானான்னு எனக்கு இப்போ சந்தேகமா இருக்கு."

வெள்ளிக்கிழமை வழக்கப்படி பட்டறையில் எல்லோருக்கும் வாஃபிள் சுடும்போது விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. "காதுக்கே காது வேணுமாம்!" என்றான் ஒருவன். ரன்வெயும் சிரித்தாள். சிரித்த பிறகு கொஞ்சம் வலித்தது. அதே ஆள்தான் மாலையில் அவளிடம் தனியாக வந்து, தனக்கும் இடது காதில் எந்நேரமும் இரைச்சல் கேட்பதாகச் சொன்னான்.

வீட்டில் யார்லேயிடம் சொன்னபோது அவன் தட்டைக் கழுவிக்கொண்டே "தெரியும்," என்றான்.

"தெரியுமா? அப்புறம் ஏன் சொல்லலை?"

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன். கொஞ்ச நாள் காத்திருந்தேன். அப்புறம் எப்படி ஆரம்பிக்கிறதுன்னு எனக்கும் தெரியலை."

அவள் அவன் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

ஜூன் மாதம் ஓலசுன் மருத்துவமனையில் சோதித்தார்கள். இரண்டு காதிலும் மேல்சுரங்கள் போய்விட்டன, திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார் மருத்துவர். ஆகஸ்டில் கருவி வந்தது. முதல் வாரம் அவளுக்குப் பிடிக்கவே இல்லை. காகிதம் கசங்கினால்கூடக் கண்ணாடி உடைவதுபோலிருந்தது. பட்டறையில் நட்டுக் கழற்றும் காற்றுத் துப்பாக்கி ஓடும்போது கருவியைக் கழற்றிவிட்டுக் கவசம் மாட்டுவாள். நாளாக நாளாக இரண்டும் கைக்குப் பழகிவிட்டன.

சத்தம் கண்டுபிடிக்கும் வேலையை அவள் விடவில்லை. செய்யும் விதம்தான் மாறியது. பத்து நிமிட ஓட்டம் முக்கால் மணி நேரமானது. சாவியை வாங்கிக்கொண்டு தனியாகப் போவதை நிறுத்திவிட்டாள்.

செப்டம்பரில் பக்கத்து ஊரான ஓர்ஸ்டாவிலிருந்து ஒரு பல் மருத்துவர் மூன்று மாத வண்டியோடு வந்தார். மேட்டில் ஏறும்போது ஏதோ கீச்சிடுகிறதாம். சாவியை நீட்டி, "எவ்வளவு சின்னச் சத்தமா இருந்தாலும் உங்களுக்குக் கேக்கும்னு சொன்னாங்க," என்றார்.

"எனக்குப் பாதிதான் கேக்கும்," என்றாள் ரன்வெய். "நீங்களும் வாங்க. முன்னாடி உக்காருங்க."