கரிசலில் காய்த்த பீச்

எங்கள் வீட்டுப் புறவாசலில் ஒரு பீச் மரம் நின்றது என்று சொன்னால் கோவில்பட்டிக்காரர்கள் இன்றைக்கும் நம்புவதில்லை. பருத்தியும் கம்பும் விளைகிற கரிசலில் கொடைக்கானல் பழத்துக்கு என்ன வேலை என்று கேட்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டிலேயே மூன்று வருஷம் யாரும் நம்பவில்லை.

அணா போய் நயா பைசா வந்த காலம் அது. சித்தப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு மலையிலிருந்து இறங்கி வந்த என் சித்தி, பாத்திரம் பண்டங்களோடு ஈரச் சாக்கில் சுற்றிய இரண்டு கன்றுகளையும் கொண்டுவந்தாள். ஒன்று பீச், இன்னொன்று பிளம்ஸ். கொடைக்கானல் பக்கம் அவளுடைய அப்பாவுக்குச் சின்னதாகப் பழத்தோட்டம் இருந்தது. வந்த மறுநாளே புறவாசலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்க தண்ணி தேங்காத இடம் எது?" என்று கேட்டாள். தண்ணீர் தேங்காதா என்று ஏங்குகிற எங்கள் ஊரில் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை.

கரிசல் மழையில் களியாகும். வெயிலில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். இந்த மரங்களுக்கு இரண்டுமே ஆகாது. சித்தப்பா கயத்தாறு பக்கமிருந்து வண்டியில் செம்மண்ணும் சரளையும் கொண்டுவந்து கொட்டினார். அதை மேடாகக் குவித்து உச்சியில் கன்றுகளை நட்டார்கள். பிளம்ஸ் முதல் கோடையிலேயே கருகிப் போனது. பீச் பிழைத்து, கூரை உயரத்துக்கு வளர்ந்தது. ஆனால் மூன்று வருஷமாகியும் ஒரு பூ கிடையாது.

அப்பாவுக்குப் பருத்தி வியாபாரம். மூட்டைகளை அடுக்கப் புறவாசலில் ஒரு கிட்டங்கி கட்ட வேண்டும் என்று நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மரம் சரியாக அந்த இடத்தில் நின்றது. சித்தி அப்பாவோடு நேரில் பேச மாட்டாள். கதவுக்குப் பின்னால் நின்று, சிறுமியான என் மூலமாகத்தான் பேச்சு.

"உங்க சித்திட்டச் சொல்லு. வார சித்திரையில அஸ்திவாரம் தோண்டணும். அதுக்குள்ள காய்க்கலைன்னா மரம் அடுப்புக்குத்தான்."

"அப்பாட்டச் சொல்லும்மா. சித்திரைக்குள்ள காய்ச்சிரும்னு."

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "பாப்பம், பாப்பம்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பினார்.

ஐப்பசி மழை தொடங்கியது. சீமையே வானத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது சித்தி பனையோலைப் பாய்களை எடுத்து மேட்டின் மேல் சரிவாகப் போர்த்தினாள். ஒரு சொட்டும் வேரில் இறங்கக் கூடாதாம். அப்பாவின் அக்காவான அத்தைதான் எங்கள் வீட்டில் எதற்கும் தீர்ப்புச் சொல்கிறவள். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"மழைக்கு மறைப்புக் கட்டுதவள இப்பத்தாம்ட்டி பாக்கேன். மேகம் கோவிச்சிக்கிட்டுப் போயிரும்!"

சொல்லிவைத்த மாதிரி அந்த வருஷம் கார்த்திகை பிறந்ததும் மழை நின்றுவிட்டது. கரிசல் காடுகளில் பருத்தி வாடியது. அத்தை சொன்னது தெருவுக்குள் எப்படிப் போனதோ, தெருக்குழாயடியில் சித்தி குடத்தை வைத்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி தன் குடத்தைத் தள்ளி வைத்துக்கொண்டதை நானே பார்த்தேன். "பாயை எடுத்துரேன்" என்று சித்தப்பாவும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். சித்தி எடுக்கவில்லை.

மார்கழியில் ஒரு காலை என்னைக் கூப்பிட்டாள். "வாடி, மரத்தைத் தூங்க வைப்போம்."

"மரம் தூங்குமா சித்தி?"

"எங்க மலையில குளிருக்கு இலையெல்லாம் தானா கொட்டிடும். மரம் நல்லாத் தூங்கும். தூங்கி எழுந்தாத்தான் பூக்கும். உங்க ஊர்ல குளிர் எங்க இருக்கு? அதான் வேரைக் காயப் போட்டேன். இலையையும் நாமதான் உதிர்க்கணும்."

முக்காலியில் ஏறி நின்று ஒவ்வொரு இலையாகக் கிள்ளினோம். விரலை வாயில் வைத்தால் கசந்தது. மத்தியானத்துக்குள் மரம் வெறும் குச்சியாகிவிட்டது. அத்தை வந்து பார்த்து, "பச்சை மரத்த மொட்டையடிச்சிட்டாளே பாவி" என்று அலறினாள். சத்தம் கேட்டு அப்பா வந்தார். மரத்தைப் பார்த்தார்; கதவைப் பார்த்தார். "சித்திட்ட என்னப்பா சொல்லணும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பொங்கல் கழிந்ததும் சித்தி பாய்களை உருவிப் போட்டாள். குடிதண்ணீரைத் தொடாமல், தான் குளித்த தண்ணீரையும் அரிசி களைந்த தண்ணீரையும் சேர்த்து வைத்து ஊற்றினாள். மரம் அசையவில்லை. ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

மாசியில் ஒரு விடிகாலை, பால் கறக்கப் போன அத்தையின் சத்தம் தெருவைத் தூக்கியது. "ஏட்டி! எல்லாரும் ஓடி வாங்கட்டி!"

பாம்புதான் என்று சித்தப்பா கம்போடு ஓடினார். அத்தை செம்பைக் கீழே போட்டுவிட்டு அண்ணாந்து நின்றாள். ஓர் இலைகூட இல்லாத மரத்தில் குச்சிக்குக் குச்சி இளஞ்சிவப்புப் பூ! மழை பெய்த மறுநாள் மாதிரி எல்லார் முகமும் இருந்தது. சித்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

தெரு முழுக்கப் பார்க்க வந்தது. குடத்தைத் தள்ளி வைத்தவளும் வந்தாள். அத்தைதான் வாசலில் நின்று ஆட்களை உள்ளே விட்டாள். "தொடாதீங்கட்டி, கண்ணால பாருங்க. மரம்னா தூங்கணும்லா? அதாம் இலையெல்லாம் பிச்சிவிட்டோம்." அந்தப் 'பிச்சிவிட்டோம்' என்ற சொல்லைச் சித்தி திருத்தவில்லை.

சித்திரையில் பழுத்தது. எலுமிச்சை அளவு, வெயில் பட்ட பக்கம் சிவப்பு, மேலெல்லாம் பூனைமுடி. அணிலுக்கும் கிளிக்கும் அத்தை கம்போடு காவல் இருந்தாள். முதல் பழம் அப்பாவுக்கு. கடித்தார். புளிப்பில் ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. நாங்கள் எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். விழுங்கிவிட்டு, இன்னொன்றுக்குக் கையை நீட்டினார்.

"கிட்டங்கிய மேலப் பக்கமாத் தள்ளிக் கட்டிக்கிடுவோம்" என்று சித்தப்பாவிடம் சொன்னவர், கதவுப் பக்கம் திரும்பினார். "ஜெயிச்சிட்டம்மா."

அந்த வாரமே சித்தியின் அப்பா மகளைப் பார்க்க வந்தார். அவர் கொண்டுவந்த கூடையில் அவர் தோட்டத்துப் பீச் பழங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் என் இரண்டு கையும் கொள்ளாத அளவு. கடித்தால் முழங்கை வரை தேனாக ஒழுகியது. எங்கள் பழத்தை அவரும் தின்று பார்த்தார். "பரவாயில்லையேம்மா! ஆனா நம்ம தோட்டத்துப் பழம் மாதிரி வருமா?"

"போங்கப்பா. அது வெறும் தண்ணி. இதுதான் பழம்" என்றாள் சித்தி.

அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். வழியனுப்பப் போனபோது பஸ் ஸ்டாண்டிலும், "வெறும் தண்ணியாம் மாப்பிள்ளை, என் பழம் வெறும் தண்ணியாம்!" என்று சித்தப்பாவின் முதுகில் தட்டித் தட்டிச் சொன்னார்.

நான் இரண்டையும் தின்றவள். எங்கள் பழத்தைக் குழம்புக்குப் புளியாகவே கரைக்கலாம். சித்தி சொன்னது பச்சைப் பொய். சொந்த அப்பாவிடம் அவள் ஏன் அப்படிச் சொன்னாள், தன் பழத்தை மட்டம் தட்டிய மகளை விட்டுவிட்டு அந்த மனிதர் எப்படி அவ்வளவு நிம்மதியாகப் பஸ் ஏறினார் என்று வீடு வருகிறவரை யோசித்தேன். அந்த வயதில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.