கேன் தண்ணீரில் அலசிய தலை

மீஞ்சூரில் எங்கள் தெருவில் எதற்கெடுத்தாலும் தண்ணீர்தான் காரணம். பருப்பு வேகாவிட்டால் தண்ணீர், பக்கெட்டில் வெள்ளையாகப் படிந்தால் தண்ணீர், பெண்களுக்கு முடி கொட்டினாலும் தண்ணீர். எங்கள் போர் தண்ணீரை வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும் என்பது உண்மைதான். அதனால் என் வகிடு அகலமாகிக்கொண்டே போனபோது நான் வேறெதையும் யோசிக்கவில்லை. பழியைத் தூக்கித் தண்ணீர் மேல் போட்டுவிட்டேன்.

தலைக்குக் குளித்தால் பாத்ரூம் ஜல்லடையை அடைத்துக்கொண்டு ஒரு கொத்து முடி கிடக்கும். யாரும் பார்ப்பதற்குள் சுருட்டிப் பேப்பரில் மடித்துக் குப்பையில் போடுவேன். வகிட்டில் கண்மையைத் தேய்த்துக் கறுப்பாக்கிக்கொண்டு வெளியே போன நாட்களும் உண்டு. கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் தின்பண்டம் பேக் செய்கிறோம். ஒரு முடிகூட வெளியே தெரியாமல் தொப்பி போட்டால்தான் உள்ளே விடுவார்கள். புழுக்கத்தில் மற்ற பெண்கள் அந்தத் தொப்பியைத் திட்டித் தீர்ப்பார்கள். எனக்கு மட்டும் ஷிப்ட் முடிந்து அதைக் கழற்ற மனம் வராது.

"இந்தத் தண்ணில குளிச்சி குளிச்சி மண்டையே தெரியுதுங்க" என்று என் வீட்டுக்காரரிடம் தினமும் புலம்புவேன். அவருக்கு அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை.

"தலைக்கு மட்டும் கேன் தண்ணி ஊத்திக்கோ மே. நான் தூக்கினு வந்து போடுறேன்" என்றார்.

சொன்னபடியே செய்தார். குடிக்க வாங்குகிற கேன் போக இன்னொன்றையும், வேலை முடிந்து வந்த களைப்போடு தோளில் வைத்து மாடிக்குத் தூக்கி வந்தார். மகாராணிக்கு மினரல் வாட்டர் குளியல் என்று கீழ் வீட்டில் சிரித்தார்கள். அப்படியும் முடி கொட்டுவது நிற்கவில்லை. கடைசியில் அவரே என்னைப் பொன்னேரியில் ஒரு தோல் டாக்டரிடம் அழைத்துப் போனார்.

வயதான டாக்டர். வகிட்டை ஒருமுறை விளக்கில் பார்த்தார். பிறகு கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நகங்களைப் பார்த்தார்.

"மாசாமாசம் எத்தனை நாள் போகுதும்மா?"

என் பின்னால் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்காரர் நின்றிருந்தார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. முடிக்கு வைத்தியம் பார்க்க வந்த இடத்தில் கேட்கிற கேள்வியா இது என்று டாக்டர் மேல் கோபம்கூட வந்தது.

"நார்மல்தான் சார்" என்றேன்.

பச்சைப் பொய். பிள்ளை பிறந்ததிலிருந்தே பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று போய்க்கொண்டிருந்தது. கறுப்பு பேன்ட்டாகப் பார்த்து வாங்கினேன். கம்பெனி பஸ்ஸில் சீட்டு காலியாக இருந்தாலும், கறை பட்டுவிடுமோ என்று நின்றுகொண்டே போவேன். அம்மாவிடம்கூட வாய் திறந்ததில்லை.

டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். சாயங்காலம் ரிப்போர்ட்டோடு போனபோது அவர் திட்டவில்லை.

"ரத்தம் இவ்ளோ கம்மியா இருக்கே, எங்கயோ போய்ட்டு இருக்குன்னு அர்த்தம். எங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

தரையைப் பார்த்துக்கொண்டே உண்மையைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். "உடம்புல இரும்புச்சத்து கொறஞ்சா, உடம்பு மொதல்ல முடியத்தான் கைவிடும். இருக்கறத வச்சு உயிரக் காப்பாத்தணும்ல? மாத்திரை தர்றேன். முடி திரும்பி வர மாசக்கணக்காகும், பொறுமையா இருங்க. ஆனா ஏன் இப்படிப் போகுதுன்னு லேடி டாக்டர்கிட்ட காட்டியே ஆகணும்."

திரும்பி வரும்போது வண்டியை ஓட்டிக்கொண்டே வீட்டுக்காரர் கேட்டார்: "முடி கொட்டுதுன்னு தெனம் சொன்னியே, இத்த ஏன்மே சொல்லல?"

 கேன் தூக்கிய அந்தத் தோளைத்தான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை கூசியது.

மறுநாள் பஸ்ஸில், என்னோடு ஒரே லைனில் வேலை செய்யும் அக்கா பக்கத்தில் இடம் போட்டுக் கூப்பிட்டார். அவருக்கும் முன்தலை தெரிய ஆரம்பித்திருந்தது.

"டாக்டரு இன்னா சொன்னாரு? தண்ணிதானே? உன்னப் பாத்துத்தான் நானும் கேன் வாங்கி ஊத்திக்கினு இருக்கேன்."

முன்னால் டிரைவர், பின் சீட்டில் ஆம்பிளைகள். "ரத்தம் கம்மியாம்க்கா" என்பதோடு என் வாய் ஒட்டிக்கொண்டது. கும்மிடிப்பூண்டி வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு போனேன். நேற்று அவ்வளவு பட்டும் புத்தி வரவில்லையே என்று என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

உடை மாற்றும் அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது ஒருவழியாகக் கேட்டுவிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அக்கா, உனுக்கு மாசாமாசம் ரொம்பப் போகுதா?"

முடியைத் தொப்பிக்குள் தள்ளிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. கதவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"யாருடி சொன்னா உனுக்கு?"