பவளம் வரும் பஸ்

எழுபதுகளின் தொடக்கத்தில், கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நடந்தது இது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து எங்கள் ஜனங்கள் ஒப்பந்தப்படி கப்பலேறி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, மேட்டுப்பாளையம் வழியாக மலையேறி வந்துகொண்டிருந்த காலம். எங்கள் குடும்பம் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது. எனக்குக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் வேலை. அது வயிற்றுக்கு. மற்ற நேரமெல்லாம் நான் எழுத்தாளன். இந்த விஷயம் அப்போது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பத்திரிகைகளுக்குத் தெரியவில்லை. தபால்தலை ஒட்டிய உறையை உள்ளே வைத்துத்தான் கதை அனுப்புவேன். எல்லாம் மரியாதையாகத் திரும்பி வந்துவிடும். தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலேயே அதிகம் தபால் வருகிற ஆள் என்று தபால்காரர் எனக்குத் தனி மரியாதை வைத்திருந்தார். அனுப்பியதும் நானே, பெற்றுக்கொள்வதும் நானே என்று அவரிடம் சொல்லி அதைக் கெடுத்துக்கொள்ளவில்லை. எங்களைத் ‘தாயகம் திரும்பியோர்’ என்பார்கள். என் கதைகளுக்கும் அந்தப் பெயர் கச்சிதமாகப் பொருந்தும்.

இருந்தாலும் எனக்கு ரசிகர்கள் இருந்தார்கள். ஒரு மத்தியானம் கொழுந்து பறிக்கிற பெண்கள் கொட்டகையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எழுதியதை எடுத்து வாசித்தேன். வெளியே நல்ல மழை. அவர்களால் எழுந்து போக முடியவில்லை. அப்படித்தான் என் இலக்கிய வாழ்க்கை தொடங்கியது. ஆனால் மறுநாள் வெயில் அடித்தபோதும், “என்னாங்க தம்பி, மிச்சம் எங்க?” என்று கேட்டார்களே, அங்கேதான் எனக்குத் தலை வீங்கிவிட்டது.

கதையின் நாயகி பவளம். அப்பா அம்மாவுக்கு இந்தியா போகப் பேப்பர் கிடைத்து, தனக்குக் கிடைக்காமல் இலங்கைத் தோட்டத்திலேயே நின்றுவிட்ட பெண். வாரக்கணக்கில் அவளை அழவைத்தேன். கடைசியில் அவளுக்கும் பேப்பர் வந்தது. ‘வருகிற சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் பவளம் நம் எஸ்டேட்டுக்கு வந்து இறங்குகிறாள்’ என்று வாசித்து நிறுத்தினேன்.

உண்மையில் அவளை இறக்குகிற எண்ணம் எனக்கு இல்லை. முடிவில் யாராவது செத்தால்தான் இலக்கியம் என்று நான் நம்பியிருந்த பருவம் அது. கப்பலிலேயே காய்ச்சல் கொடுத்து, ராமேஸ்வரம் கண்ணில் பட்டதும் கண்ணை மூடவைத்துவிட்டேன். எழுதும்போது நானே அழுதேன், அவ்வளவு பிரமாதம்! இதுவும் திரும்பி வந்தால் பேனாவை அடுப்பில் போட்டுவிடுவது என்று சபதமும் எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் உறையும் கையுமாக பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். தபால்பெட்டி அங்கேதான், டீக்கடைச் சுவரில் தொங்கும். போனால், என் ரசிகைகள் மொத்தப் பேரும் மூடுபனியில் நிற்கிறார்கள். துணியில் சுற்றிய ரொட்டி, தேங்காய்ச் சம்பல், கேத்தலில் பால் விடாத சாயத்தண்ணி. இலங்கைப் பக்கமிருந்து புதிதாக ஆள் வந்தால் இப்படி எதிர்கொண்டு அழைப்பது எங்கள் லயத்து வழக்கம்.

“ஏனுங்க தம்பி, யாரோ பவளம்னு ஒரு புள்ள இன்னைக்கு வருதுங்களாமா. உங்களுக்கு ஒறவுங்களா?” என்றார் டீக்கடைக்காரர்.

இவர்கள் வரவேற்க நிற்கும் பெண் என் கையில் உறைக்குள் செத்துக் கிடக்கிறாள்! முன்னால் நின்ற ஓர் அக்காவிடம் ஓடினேன். “அக்கா, அது கதைக்கா. பவளம்னு யாரும் கெடையாது. நானா எழுதுனது.”

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மற்றவர்களைப் பார்த்து, “ஏய், கேட்டீங்களாடி? அது கதையாம்ல!” என்றார். கொல்லென்று ஒரு சிரிப்பு. டீக்கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

“கதைன்னு தெரியாமலா தம்பி நிக்கிறோம்? எங்களுக்கு என்னா மூளையா இல்ல?” என்றார் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “என் தங்கச்சி இன்னும் அந்தப் பக்கந்தான் இருக்கா. எந்த மாசம், எந்த பஸ்ஸுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. உங்க பவளத்துக்காச்சும் ஒரு கெழமை சொன்னீங்க. வழி பார்க்க ஒரு நாள் கெடைச்சிச்சு. அதான் வந்துட்டோம்.”

உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நானும் அவர்களோடு போய் நின்றேன்.

பஸ் வந்தது. பவளம் வரவில்லை. தகரப்பெட்டியும் மூட்டையுமாக ஒரு குடும்பம் இறங்கியது. அந்த நாட்களில் வாராவாரம் யாராவது அப்படி இறங்குவார்கள். முகாம் வெயிலில் கட்டிய மெல்லிய சேலையோடு ஒரு பெண் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு நின்றாள். அக்கா தன் கம்பளியை எடுத்து அவளைப் போர்த்தி, கையில் ரொட்டியைத் திணித்தார். அவள் நின்றபடியே தின்றாள். யார், எவர் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

போகிறபோக்கில் அக்கா திரும்பி, “தம்பி, உங்க பவளத்தையும் பசியில வாடுறதுக்குள்ள எறக்கி விட்டுருங்க” என்றார்.

உறையைத் தபால்பெட்டியில் போடவில்லை. வீட்டுக்கு வந்து முடிவைக் கிழித்தேன். பவளத்தை உயிரோடு இறக்கி, ரொட்டி கொடுத்து, கம்பளியும் போர்த்திவிட்டேன். கொட்டகையில் வாசித்தபோது, “காய்ச்சல் கீய்ச்சல் வந்துருமோன்னு பயந்துகிட்டே இருந்தேன்” என்றார் அக்கா. நான் வானத்தைப் பார்த்தேன்.

அந்தக் கதையும் பத்திரிகையிலிருந்து திரும்பி வந்தது, ராசியை விடவில்லை. ஆனால் பேனா அடுப்புக்குப் போகவில்லை. அக்காவின் தங்கை நெடுங்காலம் கழித்து வந்து சேர்ந்தாள், சொல்லாமல் கொள்ளாமல், ஏதோ ஒரு வேலைநாளில். கதையில் என்றால் நான் சரியான பஸ்ஸில் ஏற்றிவிட்டிருப்பேன்.

அதன்பிறகு எவ்வளவோ எழுதிவிட்டேன்; சில கதைகள் அச்சாகி, என்னைவிடத் தபால்காரரை அதிகம் ஆச்சரியப்படுத்தின. போதும், மூடி வைத்துவிடலாம் என்று எப்போதாவது சலிப்பு வந்தால், எங்கேயோ ஒரு பஸ் நிற்கும் இடத்தில் பனியில் யாரோ காத்திருக்கிறார்கள், கையிலிருக்கும் ரொட்டி ஆறிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு வந்து என்னை உட்காரவைத்துவிடுகிறது.