சின்னவளின் பன்னிரண்டு நொடி

பெரியவளுக்குத் தங்கை மேல் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியதில்லை. துணி மடிக்கும்போதும், பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போதும், 'அவளை நினைச்சாலே எனக்கு வயிறு எரியுது' என்று அவளே மனசுக்குள் ஒப்புக்கொண்டுதான் இருந்தாள். வெளியில் மட்டும் சொன்னதில்லை. வெளியில் சொல்லிக்கொள்ள அது என்ன பட்டமா, பதவியா?

அந்த வீட்டில் பிறந்தது இரண்டே பெண்கள். யோசித்து யோசித்துப் பெயர் வைத்த அம்மாவே கூப்பிட்டதென்னவோ பெரியவள், சின்னவள் என்றுதான். எட்டு வயது வித்தியாசம். பெரியவள் இருபது வயதில், பாட்டோடு பாட்டை ஒட்டி ஓடவிடும் மெஷின் ஒன்றைப் பழசாக வாங்கி, கல்லூரி விழாவுக்கும் பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கும் டிஜேவாக நின்றாள். ஒரு பெண் ஹெட்ஃபோனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றால், ஆடுகிறவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்த காலம் அது. ஐந்து வருடம் அப்படி ஓடியது. அப்புறம் கல்யாணம், பஸ் ஓட்டுகிற கணவர், ஒரு மகன், காது கேட்கும் கருவி விற்கிற கடையில் வேலை. மெஷின் அட்டைப் பெட்டிக்குள் போய் அம்மா வீட்டுப் பரணில் ஏறிக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனால் பெட்டி திறந்து கிடக்கிறது. சின்னவள் அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"நான் எடுத்துக்கட்டுமாக்கா? நீதான் தொடறதே இல்லையே."

"எடுத்துக்கோ" என்றாள் பெரியவள். நாக்கில் சனி என்பது இதைத்தான்.

இன்றைக்குச் சின்னவள் வாசிக்கிற இடத்தில் வாசல் வரைக்கும் கூட்டம். பாட்டுகளைக் கோத்து அவள் மிக்ஸ் ஒன்றை இணையத்தில் போட்டால், காலையில் போட்டது மதியத்துக்குள் எங்கெங்கோ போய்விடும். பெரியவளும் சும்மா இருக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் புது மெஷின் வாங்கி மறுபடி தொடங்கினாள். அவள் மிக்ஸை நாற்பது பேர் கேட்பார்கள். அதில் பத்துப் பேர் சொந்தக்காரர்கள், ஐந்து பேர் தப்பி அழுத்தியவர்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் சின்னவளே அக்காவிடம்தான் வந்து நின்றாக வேண்டும். மிக்ஸை வாசித்துப் பதிவு செய்தால் மட்டும் ஆயிற்றா? ஒரு பாட்டு கத்தும், அடுத்தது முனகும். எங்கேயாவது அடித்தொண்டை பாஸ் முட்டும், எங்கேயாவது ஜால்ரா காதைக் கிழிக்கும். வெளியே விடுவதற்கு முன் அதையெல்லாம் தட்டி, தேய்த்து, மெருகேற்ற வேண்டும். அதற்குப் பெரியவளின் காதுதான். கடையில் நாள் முழுக்க, எந்தச் சத்தம் யாருக்கு எட்டுகிறது, எட்டவில்லை என்று அளந்து அளந்து பழகிய காது. பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டினாலும் இங்கே முகம் சுளிக்கும்.

இப்படி இருக்கையில்தான் இணைய வானொலிக்காரர்கள் அந்த அறிவிப்பை விட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம், ஒரு வருடம் முழுக்க, ஒரே ஒரு டிஜேவுக்கு. ஆளுக்கு ஒரு மிக்ஸ் அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை ஆறு மணியோடு கதவு சாத்தப்படும். கேட்டுத் தேர்வு செய்கிறவர்களுக்குப் பெயர் தெரியாது, வெறும் எண்தான்.

பெயர் தெரியாது என்ற இடத்தில் பெரியவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வயசு தெரியாது, முகம் தெரியாது, நாற்பது பேர் கதையும் தெரியாது. மூன்று வாரம், வேலை விட்டு வந்து, மகனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, மிச்ச நேரத்தில் தன் மிக்ஸைச் செதுக்கினாள். கணவரைத் தவிர யாருக்கும் மூச்சு விடவில்லை. இந்த ஒரு மணி நேரம் தனக்குக் கிடைத்தாக வேண்டும் என்று அவள் ஆசைப்பட்ட மாதிரி, கல்யாணத்துக்குக்கூட ஆசைப்பட்டதில்லை.

புதன்கிழமை சின்னவள் கூப்பிட்டாள்.

"அக்கா, அந்த ரேடியோ ஸ்லாட்டுக்கு நான் அனுப்பறேன். நாளைக்கு உனக்கு லீவுதானே, கொஞ்சம் மெருகேத்திக் குடேன். வேற யார்கிட்டயும் குடுக்க மனசு வரல."

'நானும் அனுப்பறேன்டி' என்று அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"சரி, அனுப்பு" என்று வந்தது.

வியாழக்கிழமை காலை மகன் பள்ளிக்கூடம் போனான். கணவருக்கு மதிய வண்டி, அதனால் வீட்டில்தான் இருந்தார். படுக்கையறையில், இஸ்திரி மேசைக்கும் துணி அலமாரிக்கும் நடுவில்தான் பெரியவளின் பட்டறை. அலமாரிக் கதவைத் திறந்து வைத்தால் துணிகள் எதிரொலியைக் குடித்துவிடும் என்பது அவளுடைய சொந்தக் கண்டுபிடிப்பு. கதவைத் திறந்துவைத்து, பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டு, தங்கையின் மிக்ஸை ஓடவிட்டாள்.

முதல் பாட்டு அமுங்கிக் கிடந்தது. எழுதிக்கொண்டாள். ஏழாவது நிமிடத்தில் இரண்டு பாட்டின் பாஸும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிச் சேறாகக் குழம்பியது. அதையும் எழுதினாள். பத்தொன்பதில் ஜால்ரா கூச்சல். ஒவ்வொரு தப்பு கிடைக்கும்போதும் மனசு லேசானது. 'இவ்வளவுதானாடி உன் வண்டவாளம்?' என்று பென்சிலால் மேசையைத் தட்டிக்கொண்டாள்.

முப்பத்தோராவது நிமிடம் வந்தது. அதுவரை அதிர்ந்துகொண்டிருந்த தாளம் ஒரே மூச்சில் விலகியது. ஒரு பாடகியின் குரல் மட்டும், அதுவும் பாட்டு இல்லை, பாடப் போகிறவள் மூச்சை இழுத்து வைத்துக்கொள்கிற சத்தம், தூரத்தில் ஒரு கைதட்டல். பன்னிரண்டு நொடி. பெரியவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு அடுத்த பாட்டின் மத்தளம் விழுந்தபோது முதுகுத்தண்டு சில்லிட்டது.

பென்சிலைக் கீழே வைத்தாள். இது இவளுக்கு எப்படித் தோன்றியது? பரணிலிருந்து என் பெட்டியை இறக்கினவளுக்கு, எது எந்தப் பக்கம் திருகும் என்று என்னிடம் கேட்டவளுக்கு, இது எங்கிருந்து வந்தது?

மெருகேற்றுகிறவர்களிடம் ஒரு கருவி உண்டு. ஏறின சத்தத்தை அமுக்கும், இறங்கின சத்தத்தைத் தூக்கும், எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும். எல்லா மிக்ஸுக்கும் கொஞ்சம் போடுவதுதான். பெரியவள் அதைக் கொஞ்சம் திருகினாள், இன்னும் கொஞ்சம் திருகினாள். பஸ்ஸில் போகிறவர்களுக்கு அவ்வளவு மெல்லிய சத்தம் கேட்காதே என்று ஒரு காரணமும் தயாராக வைத்துக்கொண்டாள். பாடகியின் மூச்சு மேலே வந்தது, கைதட்டல் பக்கத்தில் வந்தது, மத்தளம் விழுந்தபோது ஒன்றுமே ஆகவில்லை. யாரும் குற்றம் சொல்ல முடியாது. மெருகேற்று என்றாள், ஏற்றியாயிற்று.

அப்புறம் தன் மிக்ஸையும் தங்கையுடையதையும் அடுத்தடுத்து ஓடவிட்டுப் பார்த்தாள். இவளுடையது அரை நிமிடம், அவளுடையது அரை நிமிடம். தன்னுடையதுதான் மேல். சந்தேகமே இல்லை, பாஸ் நெஞ்சில் நிற்கிறது, குரல் கண்ணாடி மாதிரி இருக்கிறது. பெரியவள் மூன்று வாரத்தில் முதல் தடவையாக நாற்காலியில் சாய்ந்தாள்.

சீருடையை இஸ்திரி போட வந்த கணவர் சற்று நேரம் நின்று கேட்டார். பாட்டு விஷயத்தில் அவர் ஒரு ஞானசூனியம். எல்லாப் பாட்டுக்கும் ஒரே மாதிரிதான் தலையாட்டுவார்.

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்றார். "உன்னோடது வரும்போது மட்டும் ஏன் சத்தம் கூடுது?"

"கூடல. உங்களுக்கு என்ன தெரியும் இதுல?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. பின்னாடி வர்ற லாரி கிட்ட வருதா, தள்ளிப் போகுதான்னு மட்டும் தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சட்டைக் காலரைத் தேய்க்கத் தொடங்கினார்.

பெரியவள் திரையில் சத்தம் காட்டும் அளவுகோலைப் பார்த்தாள். தன்னுடையது இரண்டு டெசிபல் கூடுதலாக ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வாரமாக ரசித்து ரசித்து அவளே ஏற்றிவிட்டது. கடைக்கு வந்து இரண்டு கருவிகளை மாற்றி மாற்றிக் காதில் வைத்துப் பார்க்கிறவர்களிடம் அவள் தினமும் பாடுகிற பாட்டு ஒன்று உண்டு. "ரெண்டையும் ஒரே சத்தத்துல வச்சுக் கேளுங்க சார். கொஞ்சம் சத்தமா இருக்கறது எப்பவும் நல்லா இருக்கற மாதிரிதான் இருக்கும்." சொல்லிச் சொல்லி நாக்குத் தேய்ந்த வாக்கியம். ஊருக்குத்தான் உபதேசம்.

சத்தத்தை இறக்கிச் சமமாக வைத்தாள். மறுபடி ஓடவிட்டாள். அவள் கெடுத்து வைத்திருந்த தங்கையின் மிக்ஸே இப்போது அவளுடையதோடு தோளுக்குத் தோள் நின்றது. திருகினதையெல்லாம் பழையபடி திருப்பி, அந்தப் பன்னிரண்டு நொடியைக் கேட்டாள். பிறகு தன்னுடையதைக் கேட்டாள். தன்னுடையது ஒழுங்காக, சுத்தமாக, ஒரு தப்பும் இல்லாமல் ஓடியது. அவ்வளவுதான் அதில் இருந்தது.

அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. தங்கை மேல், தன் மேல், காலரைத் தேய்த்துக்கொண்டிருந்த அந்த மனிதர் மேல்.

அதற்குப் பிறகு அவள் செய்ததை நல்லெண்ணம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்தப் பன்னிரண்டு நொடிக்கு அடியில் ஒரு முனகல் இருந்தது. சின்னவள் அறையிலிருந்த மின்விசிறி எப்படியோ பதிவுக்குள் புகுந்திருந்தது. வேறு யார் காதுக்கும் எட்டாது. இவள் காதுக்கு எட்டிவிட்டது. கேட்டுவிட்டு அதை எப்படி விடுவது? தோற்பதென்றால் விசிறிச் சத்தம் இல்லாத ஒன்றிடமாவது தோற்க வேண்டும். பாடகியின் மூச்சு ஒரு இழைகூட உதிராமல், விசிறியை மட்டும் நூல் நூலாகப் பிரித்து எடுத்தாள். கணவர் வேலைக்குப் போனதும் தெரியவில்லை, மதியம் சாப்பிடவும் இல்லை. முடிந்தபோது அந்த அமைதி துடைத்து வைத்தாற்போல் இருந்தது. பெரியவள் அதை நான்கு தடவை கேட்டாள். நான்கு தடவையும் எரிந்தது.

தாளில் எழுதியிருந்த மற்றத் தப்புகளையும் சரிசெய்து தங்கைக்கு அனுப்பினாள். வெள்ளிக்கிழமை ஐந்தரை மணிக்குத் தன்னுடையதையும் வானொலிக்கு அனுப்பினாள். வீம்புதான், வேறென்ன?

இரண்டு வாரம் கழித்து, கடையில் இருக்கும்போது பதில் வந்தது. இம்முறை தங்கள் மிக்ஸ் தேர்வாகவில்லை, நன்றி. ஒரே வரி. படித்து முடிப்பதற்குள் சின்னவளின் அழைப்பு. பெரியவள் பின்கட்டுச் சுவரோரம் போய் நின்று எடுத்தாள்.

"அக்கா, கிடைச்சிடுச்சு. ஒரு வருஷம்க்கா. முப்பத்தொண்ணாவது நிமிஷத்துல அந்த அமைதி அவ்வளவு சுத்தமா இருந்துச்சுன்னு தனியா எழுதியிருக்காங்க. அது நீ பண்ணினது. நான் அனுப்பினப்போ அப்படி இல்லையே."

"நானும் அனுப்பியிருந்தேன்" என்றாள் பெரியவள்.

"ஏன்க்கா சொல்லல?"

"பொறாமை. வேற என்ன? உன்னோடதை முதல்ல கெடுத்தேன்டி. அந்த அமைதியைத் தூக்கி, எல்லாத்தோடயும் சமமாக்கிட்டேன். வேணும்னேதான். அப்புறம் திருப்பிட்டேன். நீ அந்த மெஷினை எடுத்துக்கிட்ட நாள்லேர்ந்து எனக்கு உன்மேல பொறாமை. இப்பவும் இருக்கு. இந்த நிமிஷம் ரொம்ப இருக்கு."

சொல்லிவிட்டாள். சின்னவள் போனை வைத்துவிடுவாள் என்று காத்திருந்தாள்.

"தெரியும்க்கா" என்றாள் சின்னவள். "நீ கெடுப்பேன்னு நினைக்கல, அது வலிக்குது. ஆனா பொறாமை இருக்குன்னு எப்பவோ தெரியும். அதனாலதான் உன்கிட்ட குடுக்கறேன். என் ஃப்ரெண்ட்ஸுக்கு அனுப்பினா ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு சூப்பர்ம்பாங்க. எங்கடா தப்பு இருக்கும்னு ஒரு நொடி விடாம ஒரு மணி நேரமும் கேக்கறது நீ ஒருத்திதான்."

பெரியவள் சுவரில் உரிந்திருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினாள். உள்ளே கடைக்காரம்மா அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வாராவாரம் மிக்ஸ் புதன்கிழமைக்குள்ள வந்துடணும்" என்றாள் கடைசியில். "வியாழக்கிழமைதான் எனக்கு லீவு. அந்த விசிறியை நிறுத்திட்டு வாசி."

அடுத்த புதன்கிழமை ஃபைல் வந்தது. மறுநாள் காலை பெரியவள் அலமாரியைத் திறந்து வைத்துவிட்டு முழு மணி நேரமும் கேட்டாள். நான்கு தப்பு இருந்தது. நான்கையும் எழுதிக்கொண்டு, இன்னும் ஒன்றாவது இருக்காதா என்று முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டாள்.